கடைசி வீட்டிலிருந்து

"செருப்பை உள்ள எடுத்தியா?" என்று கணவன் காதோடு கேட்டான்.

"எடுத்துட்டேன். மெயினையும் அணைச்சாச்சு. மீட்டர் ஓடினா ஆள் இருக்கறது தெரிஞ்சிடும்," என்றாள் மனைவி. இருவரும் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வாசல் கதவு மறுபடியும் தட்டப்பட்டது. இந்த முறை பலமாக.

"போயிடுவாங்களா?"

"போக மாட்டாங்க." அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஃபேன் இல்லாத புழுக்கத்தில் வியர்வை கழுத்தில் இறங்கியது, துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

"வீட்ல யாருங்க? ஸ்கூல்லேருந்து வந்திருக்கோம்!"

வந்திருந்தது அடியாட்கள் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், பள்ளிக்கூடத்தின் சனிக்கிழமைக் கொசு ஒழிப்புப் படை. கையில் டார்ச், நீளக் குச்சியில் கட்டிய வெள்ளைக் கிண்ணம், இரண்டு கட்டு ஸ்டிக்கர். தேங்கிய தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு பார்ப்பார்கள். புழு நெளிந்தால் வாசல் கதவில் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை.

சிவப்பை ஒட்டிவிட்டால் ஒரு மாதத்துக்குப் பிய்க்கக் கூடாது. தெருவே பார்த்துக்கொண்டு போகும். இவர்களோ இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பின்பக்கம் பெயிண்டர் விட்டுப்போன வாளி ஒன்று கிடந்தது. "அதெல்லாம் அன்னிக்கே கொட்டியாச்சு" என்று கணவன் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். இன்று காலையில்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விளிம்புவரை மழைத்தண்ணீர், அதில் ஒரு வம்சமே தழைத்திருந்தது. ஓடிப்போய்க் கொட்டலாம் என்றால் பின்கதவுத் தாழ்ப்பாள் புதுப் பெயிண்டில் இறுகிப்போய் அசைய மறுத்தது. இருவரும் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் போகலாம் என்று திரும்பியபோதுதான் வாசலில் பிள்ளைகள் சத்தம்.

"கடைசி வீடாச்சே, இங்க வர சாயங்காலம் ஆகும்னு நெனச்சேன்," என்றான் கணவன். "எந்தத் தெருன்னு காலையில சீட்டுப் போட்டு எடுக்கணும், கடைசி வீட்லேருந்து ஆரம்பிக்கணும்... இதையெல்லாம் யோசிச்ச மகராசிக்குக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்."

"வாளியைக் கொட்டத் துப்பில்ல, வாய் வேறயா?" அவள் முறைத்தாள்.

காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுச் சந்துக்குள் வந்தது. அவர்கள் தலைக்கு நேர் மேலே, ஜன்னலுக்கு வெளியே, ஒரு பையன் அலுத்துக்கொண்டான்.

"மீட்டர்கூட ஓடலை. யாருமே இல்ல. பச்சையை ஒட்டிட்டுப் போயிடலாம். டீச்சர் என்ன வந்து பாக்கவா போறாங்க?"

கடவுளே, அந்தப் பையன் நல்லாயிருக்கணும் என்று கணவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"டீச்சர் பாக்கலேன்னா புழு செத்துடுமா?" என்றது ஒரு பெண்குரல். படைத்தலைவி போலிருக்கிறது. "உங்க அத்தை வீட்டுக்கு நீ பச்சை ஒட்டினப்ப டீச்சர் என்ன சொன்னாங்க? தெரிஞ்சவங்க வீடுன்னு கொசு கடிக்காம விடாதுன்னு சொன்னாங்கல்ல? எங்க வீட்டு மாடியில தண்ணி நின்னுதான் என் தம்பி ஆஸ்பத்திரியில கெடந்தான். பின்னாடியும் பாத்துட்டுத்தான் போகணும்."

உள்ளே இருந்தவளுக்கு அந்தப் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்ளத் தோன்றியது. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றும் தோன்றியது.

வாளியில் கிண்ணம் முங்கும் சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, எவ்வளவு புழு! சிவப்பை எடு. ஆள் இல்லேன்னா கதவுல ஒட்டிட்டுப் போகலாம், நாளைக்கு வந்து பேசிக்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒட்டட்டும். ஒட்டிவிட்டு இப்போதைக்குப் போனால் போதும், இந்தக் கோலத்தில் முகத்தைக் காட்டாமல் தப்பித்தால் போதும்.

அப்போது அவள் கன்னத்தில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். குடித்துவிட்டு அது கணவனின் முழங்காலுக்குப் போனது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

பளார்!

வெளியே பேச்சு நின்றது.

"உள்ள ஆள் இருக்காங்க!"

டார்ச் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து சுவரில் அலைந்தது. இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது? கன்னத்தில் தடித்த கடியோடு அவள் மெல்ல எழுந்து நின்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அலுத்துக்கொண்ட பையன் பச்சை ஸ்டிக்கர் கட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

தலைவி கிண்ணத்தில் நெளிந்த புழுக்களைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் நின்ற முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிறுமியின் விரலில் பாதி உரித்த ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"சிவப்புதானே, டீச்சர்?"