மாடி வீட்டு ஆப்ஷன்

“மம்மி, மாடியில பெரியம்மா ஷெரிலோட இன்ஜினியரிங் சீட்டுக்கு எலக்ட்ரானிக்ஸைத்தான் ஃபர்ஸ்ட் ஆப்ஷனா போட்டிருக்காங்க. யாருக்கும் தெரியக் கூடாதாம்,” என்றான் நீல்.

பெர்னதெத்துக்கு வயிறு எரிந்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லிவிட்டு, ஓரகத்தி குளோரியா ஓசைப்படாமல் வேலையைக் காட்டிவிட்டாள். அவள் தம்பி சிப் கம்பெனியில் இருக்கிறான். விஷயம் இல்லாமலா செய்வாள்?

“நீயும் அதையே மேல போடு.”

“நான் அதைக் கேட்டப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு அடம் பிடிச்சீங்களே?”

“சொன்னதைச் செய்டா. அவ பொண்ணு மட்டும் முன்னுக்கு வரணுமா?”

சீட் கிடைத்த வாரம், காக்ஸ் டவுன் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பெர்னதெத் வலியப் போய்ப் பேசினாள்.

“அக்கா, எங்க நீலுக்கும் எலக்ட்ரானிக்ஸ்தான்.”

“தெரியும். நீ ரகசியமா அதைப் போட்டேன்னு ஷெரில் அப்பவே சொல்லிட்டா. உனக்கு மட்டும்தான் விவரமா? நானும் உடனே மாத்திட்டேன்.”

“நான் முதல்லயா? நீங்க போட்டதாலதானே நான் போட்டேன்...”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கல்குகை போலிருந்த மாதா கெபியில் நீலும் ஷெரிலும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றி, வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள்.