ஸ்டெடி, ஸ்டேபிள்

நேற்று ‘ஸ்டெடி’ என்று சொன்ன டாக்டர் இன்று ‘ஸ்டேபிள்’ என்று சொல்லிவிட்டுப் போனார். கணவன் உள்ளே படுத்திருக்க, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மரகதவல்லி, துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியர் கிருபாகரனிடம் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

அவர் முகம் மலர்ந்தது. "இல்லம்மா. ஓடுற சைக்கிள் ஆடாமப் போனா ஸ்டெடி. மிதிக்கிறதை நிறுத்தினா விழுந்துடும். ஸ்டாண்டு போட்டு நிக்குது பாருங்க, அதுதான் ஸ்டேபிள். லேசா இடிச்சாலும் விழாது."

"அவரைப் போய் சைக்கிளாக்கிட்டீங்களே." இத்தனை நாளில் இப்போதுதான் சிரித்தாள். "அப்ப ஸ்டாண்டு போட்டாச்சு. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்."

டாக்டர் வாயில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு உறுதி கிடையாது. இந்த நிமிடம் மோசமாகவில்லை, அவ்வளவுதான். அது கிருபாகரனுக்குத் தெரியும். ஆனால் உதாரணம் அத்தனை அழகாக அவளுக்குப் புரிந்திருந்தது.

"போயிட்டு வாங்கம்மா" என்றார்.

அவள் பஸ் ஏறியிருக்கக்கூடிய நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்தார். "அஞ்சாம் பெட்காரரோட சம்சாரம் எங்கே? உடனே உள்ளே வரச் சொல்லுங்க."

கிருபாகரன் எழுந்து நின்றார்.

"நான்தான் அனுப்பிவெச்சேன்" என்றார்.