அஞ்சு மணி ஆர்டர்

“ஆர்டர் கொடுத்தவன் பொல்லாத ஆளுடா. அஞ்சு மணிக்குள்ள ரெண்டு கக்கத்துக் கட்டையும் கைக்கு வரலேன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்” என்றார் தச்சர், வேட்டி தரையில் தழைய ஸ்டூலில் உட்கார்ந்தபடியே. மணி இரண்டரை.

மச்சினன் லோடு வண்டிக்காரன். மூன்று மாதமாக வெளியூர்ச் சவாரியிலேயே கிடந்துவிட்டு, அத்தான் போட்ட போனில் இப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். மரம் அறுக்கும் பேண்ட் சா மெஷினைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஓட வேண்டிய ரம்பப் பட்டை தரையில் கிடந்தது. மேல் சக்கரத்தின் ரப்பர் டயர் தேய்ந்து, வெடித்து, பாதி பிய்ந்து தொங்கியது. அது இல்லாமல் பட்டை சக்கரத்தில் நிற்காது.

“யாருக்கு அத்தான் கக்கத்துக் கட்டை?”

“நாளைக்கு ஒரு காலை எடுக்கறாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில சேரணும். போகும்போதே கட்டையும் கூட வரணுமாம்.”

“கடையில வாங்கிக்கச் சொல்றதுதானே?”

“கடைக் கட்டையில சாய மாட்டானாம். திமிரு பிடிச்சவன்.”

வெந்நீர்க் குண்டானைக் கொண்டுவந்த அக்கா அதை ணங்கென்று வைத்தாள். “ஆணி குத்தின அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்கன்னு வீட்டுல தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. சர்க்கரை உடம்பு. அந்த மனுஷன் காதுல போட்டுக்கிட்டாரா?”

அக்காவுக்குக் கோபம் புதுசா என்ன? மச்சினன் கண்டுகொள்ளாமல் உளியை எடுத்து, சக்கரத்தில் காய்ந்திருந்த பழைய பசையைச் சுரண்ட ஆரம்பித்தான்.

புது டயர் இரண்டு இருந்தன. சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னவை. வெந்நீரில் ஊறி இளகினால்தான் இழுத்து மாட்ட முடியும். ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் இழுக்க, முக்கால்வாசி ஏறிவிட்டது. அவசரக்காரன் மச்சினன் ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கொடுத்து நெம்பினான். பட்டென்று அறுந்தது.

“பாவி! குடியைக் கெடுத்தியேடா!” தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னும் ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா கைரம்பத்தால கக்கத்துல படற வளைவு அறுக்க ரெண்டு நாள் ஆகும். எனக்கு ஏதுடா ரெண்டு நாள்?”

“நாளைக்கு நிதானமா செஞ்சு கொடுப்போமே அத்தான். ஆபரேஷன் ஆனவர் எழுந்திரிக்கவே பத்து நாள் ஆகும்.”

“முடியாதுன்னா முடியாதுடா!”

அத்தான் இப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான். அக்கா இன்னொரு குண்டான் வெந்நீர் கொண்டுவந்தாள். கூடவே, முனை மழுங்கிய கரண்டிக் காம்பு ஒன்றையும் நீட்டினாள். மணி மூன்றரை.

இந்தத் தடவை சக்கரம் சுற்றாமல் அக்கா பிடித்துக்கொண்டாள். மச்சினன் இழுத்தான். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டிக் காம்பை உள்ளே விட்டு அங்குலம் அங்குலமாக நெம்பினார். கடைசி விரற்கடை அளவுக்கு ரப்பர் நூலாக இழுபட்டபோது மூன்று பேருமே மூச்சு விடவில்லை. பொதுக்கென்று உட்கார்ந்தது.

பட்டையை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். ஓரத்துக்கு ஓடியது. திருகிச் சரிசெய்தார்கள். மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை நடுவில் நின்றது.

“நான் அறுக்கறேன், நீங்க உக்காருங்க” என்றான் மச்சினன்.

“தள்ளுடா.” தச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெஷின் முன்னால் நின்றார். வளைவுகள் இரண்டும் வெண்ணெயாக அறுபட்டு வந்தன. அவற்றை, முன்பே இழைத்து வைத்திருந்த கட்டைக் கால்களோடு சேர்த்து முடுக்கும்முன் கட்டையைத் தன் கக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார்.

“ஆளு என் உயரம்தான்” என்றார்.

மணி நாலே முக்கால். மச்சினன் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். “கொடுங்க அத்தான், பறந்துடறேன்! எந்த வார்டு? ஆள் பேர் என்ன?”

அக்கா ஒரு துணிப் பையும் போர்வையுமாக வந்து பட்டறைக் கதவைச் சாத்தினாள். பூட்டைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கட்டைகளைத் தர மறுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார் தச்சர்.

“கட்டையை மட்டும் கொண்டுபோய் என்னடா பண்ணுவே? எடுக்கப் போற கால் என்கிட்டல்ல இருக்கு!”