உறவுக்கண்

"ஊர்க்கண்" என்று சொல்ல செல்வமலருக்குச் சுகமாக வந்தது. அடுத்துச் சொல்ல வேண்டிய "உறவுக்கண்" வர மறுத்தது.

கைக்குள் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும். முன்னால் கதிரையில் தங்கை மகள் சாருஜா, கிழக்குப் பார்த்தபடி. நாளைக்கு அவளுக்கு அமெரிக்கா விமானம்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தங்கை லோஜினியின் வீட்டில் மூத்தவள் செல்வமலர்தான். அவள்தான் பிள்ளைக்குக் கண்ணூறு கழிக்க வேண்டுமாம். கள்ளன் கையில் திறப்பைக் கொடுத்த கதை.

அந்த வீட்டில் பொறாமைப்பட்ட கண் ஒன்று இருந்தால், அது தன்னுடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் சாருஜாவுக்குக் கிடைத்தது ஒன்றும் பெரிய இடமில்லை. பாலைவனத்துக்கு நடுவில் ஒரு சின்ன அரசாங்கக் கல்லூரி. சுற்றிவரக் கள்ளி, நாலைந்து தட்டைக் கட்டடம், எப்போதாவது ஒரு பஸ். அங்கே கணக்குப் படிப்பிக்கப் போகிறாளாம். இதுக்கோ இவ்வளவு ஆரவாரம் என்று செல்வமலர் தன் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் வயிறு எரிந்தது.

மகன் ஆரணனை நினைத்துத்தான் எரிகிறது என்று நம்பினாள். பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்றுதானே ஜெர்மனியில் இருந்த வேலையையும் வீட்டையும் விட்டு லண்டனுக்கு வந்தது? அவன் யூனிவர்சிட்டியைப் பாதியில் விட்டுவிட்டு போன் கடையில் நிற்கிறான். தங்கை மகள் லெக்சரர். எரியாமல் என்ன செய்யும்?

இன்றைக்கு லோஜினி வீட்டுக்கு வந்ததிலிருந்து மேசையில் இருந்த லாப்டொப்பில் அந்தக் கல்லூரிப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வகுப்பறைப் படத்தில் கண் போய்ப் போய் நின்றது. படம் தேயப்போகிறது என்று லோஜினி பகிடி பண்ணினாள்.

குற்றம் பிடிக்கவென்று சாருஜாவிடம் கேள்வியும் கேட்டாள். படிக்க ஆரை எடுப்பினம், என்ன றிசல்ட் வேணும்?

"எல்லாரையும் எடுப்பினம் பெரியம்மா. றிசல்ட்டும் கேக்கமாட்டினம், வயசும் கேக்கமாட்டினம்."

அப்படியென்றால் அது என்ன கொலிஜ் என்று வெட்டிவிட்டு, திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

இப்போது எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உறவுக்கண்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். சாருஜாவின் தலையை மூன்று தரம் சுற்றினாள். அவள் மிளகாயில் துப்பினாள்.

அடுப்பில் தாச்சி காய்ந்துகொண்டிருந்தது. போட்டதும் நெடி அடித்தால் கண்ணூறு இல்லை. நெடியே இல்லாமல் கருகினால் கண்பட்டிருக்கிறது. நெடி வராவிட்டால் லோஜினி ஆரென்று தேடத் தொடங்குவாள். போன வருசம் இதே மிளகாயால் ஒருத்தியோடு கதை பேச்சை விட்டவள் அவள். அவ்வளவு தூரம் ஏன் தேட வேண்டும்? அக்காவின் முகத்தைப் பார்த்தால் போதாதா?

முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தாச்சிக்குள் போட்டாள்.

உப்பு மட்டும் வெடித்தது. வேறொன்றும் இல்லை. லோஜினி மூக்கை நீட்டி மணந்து பார்த்தாள். செல்வமலர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அடித்தது பாருங்கள் ஒரு நெடி! லோஜினி இருமினாள், சாருஜா இருமினாள், பையால் மூடிக் கட்டியிருந்த ஸ்மோக் அலார்ம்கூட அலறத் தொடங்கியது. லோஜினியின் புருசன் யோகராஜா துவாயை வீசிக்கொண்டு ஓடினார்.

"பாத்தியளே அக்கா, என்ரை பிள்ளையிலை ஒருத்தற்றை கண்ணும் இல்லை!" என்று இருமலோடு இருமலாகச் சொல்லிக்கொண்டு லோஜினி சன்னல் திறக்கப் போனாள்.

செல்வமலர் அடுப்பை நிற்பாட்டினாள். தன் கண் இவளில் இல்லையா? அப்படியென்றால் இந்த ஒரு கிழமை எரிச்சல் ஆரைப் பார்த்து? இப்போதும் எரிகிறதே!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள். லாப்டொப்பில் அதே வகுப்பறைப் படம். அதில் சாருஜா இல்லவே இல்லை.

முன்வாங்கில் ஒரு மனுசி. நரைத்த தலை, செல்வமலரின் வயதுதான் இருக்கும். காலடியில் சாமான் பை. கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனையைக் கடித்தபடி யோசிக்கிறாள்.

செல்வமலரின் படிப்பை வீட்டில் ஒன்பதாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை. லோஜினிக்கே மறந்துபோன கதை அது.

தட்டில் கொஞ்சம் மிளகாய் மிச்சம் கிடந்தது. ஒருவரும் பார்க்கவில்லை என்று கண்டதும் அதை அள்ளிக் கைக்குள் பொத்திக்கொண்டு, லாப்டொப்பில் இருந்த அந்த மனுசிக்கு மூன்று தரம் சுற்றினாள்.