கொடியில் காயும் சட்டை

பால்கனிக் கொடியில் காய்கிற சட்டையின் கையைப் பற்றிக்கொண்டு, சில்வண்டு ஒன்று பழைய தோலைக் கிழித்து வெளியே வருகிறது. "தொட்டீங்கன்னா றெக்கை கோணிடும். கொலை விழும்!" என்று கிசுகிசுக்கிறாள், பூச்சி ஆராய்ச்சி செய்யும் மனைவி. "இன்டர்வியூவுக்கு உருப்படியா இருக்கிறதே இந்த ஒரு சட்டைதான்டி," என்று பனியனோடு நின்று பல்லைக் கடிக்கிறான் கணவன். கசங்கிய காகிதம் போலிருந்த இறக்கைகள் காலை வெயிலில் மெல்ல விரிகின்றன. வெளிறிய வயிற்றில் சிவப்பு ஊறுகிறது. இறக்கைகளின் குறுக்கே மஞ்சள் பட்டை பளிச்சிடுகிறது; அதைச் சுற்றிக் கறுப்பு ஏறுகிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறாள். கீழே அவனுக்காக வந்த டாக்சி விடாமல் ஹாரன் அடிக்கிறது. "சரி, நேரமாச்சு, மெதுவா செடிக்கு மாத்திடறேன்," என்று அவள் விரலை நீட்டுகிறாள். அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். "அவசரப்படாதே. கறுப்பு இன்னும் முழுசா ஏறல."