மஞ்சள் கோடு

"பேக் பண்ணின பெட்டிய யாரக் கேட்டும்மா பிரிச்ச?"

சூப்பர்வைசர் ஜெகதீஷ் போட்ட சத்தத்தில் மொத்த ஷெட்டும் திரும்பிப் பார்த்தது. வெளியே லாரி புறப்படத் தயாராக நின்றது. உள்ளே இன்ஸ்பெக்ஷன் முனிலட்சுமி பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு டை ராடாக எடுத்து நட்டை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில பீஸ்ல நட்டு லூஸா இருக்குங்க சார்."

"மஞ்சக் கோடு போட்டிருக்கில்ல?"

"கோடு இருக்கு. முறுக்கல."

ஓசூரின் அந்தச் சின்னக் கம்பெனியில் அதுதான் வழக்கம். நட்டை அளவாக முறுக்கியதும் மேலே பெயின்ட்டால் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைப் பார்த்தால் அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். லாரி, பஸ்ஸின் முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்புவது இந்த ராடுதான். ஓடும்போது நட்டு கழன்றால், டிரைவர் ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

நட்டு முறுக்குவது மேகலாவின் வேலை.

"பர்மனென்ட் எடம் ஒண்ணே ஒண்ணு. லிஸ்ட்ல இவங்க ரெண்டு பேரு. நாளைக்கு முடிவு. இன்னிக்குன்னு பாத்து நட்டு லூஸாம்!" பேக்கிங் மாதேஸ்வரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தான்.

ஜெகதீஷும் அதைத்தான் நினைத்தார். நாலு வருஷமாக உத்தனப்பள்ளியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். வேலை என்று வந்ததும் எப்படிக் காலை வாரி விடுகிறாள், பாரேன்!

மேகலா கண்ணைத் துடைத்தாள். "முறுக்காம நான் கோடு போட்டதே இல்லைங்க சார்."

முனிலட்சுமி நிமிரவே இல்லை. கடைசிப் பெட்டிவரை பார்த்து முடிக்கும்போது மணி ஐந்து. மொத்தம் எட்டு ராடில் நட்டு லூஸ்.

ஜெகதீஷ் ரிஜெக்ஷன் பாரத்தை நீட்டினார். 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் மேகலாவின் பெயரை அவரே எழுதியிருந்தார்.

"கையெழுத்துப் போடு. உனக்கு வேண்டியதும் இதுதானே?"

முனிலட்சுமி பேனாவை வாங்கி மேகலாவின் பெயரை அடித்தாள். தன் பெயரை எழுதினாள்.

"காலைல இவ பையன் பள்ளிக்கூடத்துல விழுந்துட்டான்னு போன் வந்துச்சுங்க சார். இவ பேசிட்டு வர்ற வரைக்கும் இங்க நின்னது நான்தான். சீக்கிரம் ஆகட்டும்னு ட்ரேல இருந்த எட்டுக்கும் மொதல்லயே கோடு இழுத்துட்டேன். முறுக்குறதுக்குள்ள இன்ஸ்பெக்ஷன்ல கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். கோட்டப் பாத்து இவ அப்படியே தள்ளிட்டா. சாப்பிட ஒக்காந்தப்பதான் எனக்கு ஞாபகமே வந்துச்சு."

மேகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெகதீஷுக்கு இருவர் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இப்படி ஒருத்தியையா சந்தேகப்பட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எட்டுதான்னு தெரியுமில்ல? கெடச்சதும் நிறுத்தியிருக்கலாமே. எல்லாப் பெட்டியையும் எதுக்கும்மா பிரிச்ச?"

"நாளைக்கு இவளுக்குத்தான் வேலை கெடைக்கும். அப்ப யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதில்லைங்களா சார்? இவ முறுக்கினதுல ஒண்ணுகூட லூஸ் இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன்."