சிப்பாய்க்கு அடிக்கட்டை

"உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா சுபேதாரே?"

லத்தீப் பாய் மூட்டையைக்கூட இறக்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? உள்ளே மாணிக்கம்மாள் தரையில் உட்கார்ந்து, ஈயச் சிப்பாய்களின் காலடியில் வஜ்ஜிரப் பசை தடவிக்கொண்டிருந்தாள். பங்களாதேஷ் சண்டைக்குப் போன அவளுடைய ஒரே மகன் சின்னராசு திரும்பவில்லை. உடம்புகூட வரவில்லை. அப்படிப்பட்டவள் கையில் பட்டாளத்துப் பொம்மையைக் கொடுத்தா வேலை வாங்குவது?

அந்தப் பொம்மைகளை விற்றவரே லத்தீப் பாய்தான். வாணியம்பாடியில் பழைய சாமான் கடை. மலைச்சரக்கு வாங்க அவ்வப்போது ஜமுனாமரத்தூர் வருவார். வேலூரில் யாரோ ஆபீசர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டி. விரல் உயரச் சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், பீரங்கிகள், எல்லாமே பெயின்ட் அடித்தவை. மேஜையில் மணல் பரப்பி, இரண்டு படையாக நிறுத்தி, தாயம் உருட்டிச் சண்டை ஆடலாம். ஓய்வு பெற்ற சுபேதார் பஞ்சாட்சரத்துக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம்.

சிப்பாய்கள் நின்ற பழைய அட்டைகள் ஊறிப்போய், படையே குப்புற விழுந்துவிட்டது. அட்டையைப் பெயர்த்துவிட்டு, அடிக்கட்டையாக ஒரு மரத்துண்டில் ஒட்டி, படைவாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். அந்த வேலைதான் நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது.

"மாசியில வந்தப்பவும் இதே வேல. இப்ப ஆடி. ஒரு பெட்டி பொம்மைக்கு இம்மாம் நாளா?"

"ஈரம் பாய். வஜ்ஜிரம் புடிக்கல" என்றார் பஞ்சாட்சரம், தலை நிமிராமல்.

"ஆமாங்க, ஒட்ட ஒட்டப் பேந்துக்குது" என்றாள் மாணிக்கம்மாள்.

"நீ இன்னாத்துக்கும்மா இங்க வந்து கஷ்டப்படறே?"

அவள் ஒரு சிப்பாயை எடுத்துக் காட்டினாள். தோளில் துப்பாக்கி. தலையை லேசாகச் சாய்த்து நின்றான்.

"எம் மவன் மாரியே கீறான் பாருங்க. எல்லாத்தையும் ஒட்டி முடிச்சா இவன எனக்குத் தர்றேன்னு அய்யா சொல்லிக்கீறாரு."

"இப்பவே குடுத்தா இன்னா கொறைஞ்சுடும் சுபேதாரே?"

"படையில ஆள் கொறைஞ்சா ஆட்டம் கெட்டுடும். வேல முடியட்டும்."

"நீ மனுசன்தானாய்யா?"

"அவரத் திட்டாதீங்க" என்றாள் மாணிக்கம்மாள். "எம் மவன வூட்டுக்குக் கூட்டிம் போய்ட்டா, அப்பால எனக்கு ஒரு வேலையும் பாக்கி இல்ல."

பஞ்சாட்சரம் ஒரு தட்டில் சாமைச் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

"இன்னும் ஒரு வரிசைதாங்க. நாளைக்கு முடிஞ்சுடும்." அன்றுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

அவள் போனதும் பஞ்சாட்சரம் பாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். பேனாக்கத்தியை எடுத்தார். உறுதியாக நின்றுகொண்டிருந்த ஒரு சிப்பாயின் காலடியில் விட்டு நெம்பினார். மரத்துண்டு தனியாக வந்தது. அடுத்த சிப்பாயை எடுத்தார்.

"யோவ்! இன்னா பண்றே? நல்லாத்தான ஒட்டிக்கினு இருந்துச்சு!"

"நல்லாத்தான் ஒட்டறா பாய். அதான் பயமா கீது."

லத்தீப் பாய்க்குப் புரியவில்லை.

"மார்கழியில சேதி வந்த அன்னிக்கி, புளியமரத்தாண்ட கயித்தோட நின்னா. நாந்தான் இழுத்தாந்தேன். அப்பறமும் ஒரு வாய் சாப்பிடல. இந்தச் சிப்பாயப் பாத்தப்பறந்தான் சோத்துல கை வெச்சா. இவன வாங்கிக்கினு போற அன்னிக்கி..."

கத்தி மட்டும் நிற்கவில்லை.

லத்தீப் பாய் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு கத்தி கீதா சுபேதாரே?"